துரைசாணியின் நாற்காலி

எங்கள் சங்குப்பட்டினத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் முதல் நாள் சாயங்காலமே மண்டபத்துக்கு ஓர் ஆளை அனுப்பி, துரைசாணியின் மேல் துணி போட்டு மூடிவிட்டு வரச் சொல்வோம். வாழைமரம் கட்டுவதும் மாவிலைத் தோரணம் தொங்கவிடுவதும் பாய் விரிப்பதும் நாயனக்காரருக்குக் காப்பி கொடுப்பதும் எல்லாம் அதற்கு அப்புறம்தான். அந்தக் காலத்தில் ஜமுக்காளம் போட்டு மூடினோம், பிறகு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துக் கட்டினோம், பிளெக்ஸ் பேனர் வந்த பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் பல்லைக் காட்டிச் சிரிக்கிற பேனரையே அவள் மேல் கட்டிவிடுவது என்று வழக்கமாகிவிட்டது.

மண்டபம் என்று நாங்கள் சொல்வது, பிரெஞ்சுக்காரர்கள் ஊரை ஆண்ட நாளில் இங்கிருந்து மெல்லிய துணிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த ஒரு வியாபாரியின் மாளிகை. வியாபாரி போனார், அவருடைய கப்பல்கள் போயின, கடைசியில் ஆட்சியே போயிற்று. மாளிகை மட்டும் நெல் கிடங்காகவும் பள்ளிக்கூடமாகவும் ஓட்டுச்சாவடியாகவும் இருந்து பார்த்துவிட்டு, கல்யாண மண்டபமாகி அடங்கியது. அதன் பெரிய கூடத்தில், மணமேடைக்கு இடப்பக்கச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேல் பெரிதாக அந்தப் படம் இருக்கிறது. வழவழப்பான சாம்பல் நிறச் சுவர், ஓரத்தில் ஒரு கல்தூண், முதுகு வளைந்த நாற்காலி, அதன் மேல் வழியவிட்ட சிவப்புச் சால்வை. நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரப் பெண், அவளைத்தான் துரைசாணி என்கிறோம். மார்புக்குக் கீழே நாடாவால் கட்டிய வெள்ளை உடை, கற்சிலைகளுக்கு இருப்பது போலத் தூக்கி முடிந்த கூந்தல், தோளிலிருந்தே வெறுங்கை. மடியில் ஒரு புத்தகம், படித்த இடம் தவறிவிடாதபடி அதற்குள் ஒரு விரல். இன்னொரு கையைப் பக்கத்து மேசையில் ஊன்றி, கன்னத்தை அதில் சாய்த்திருக்கிறாள். இடது பக்கத்திலிருந்து காலை வெளிச்சம் அவள் மேல் விழுகிறது. பார்வை எங்கள் யார் மேலும் இல்லை. வரைந்தவர் பெயரோ அவள் பெயரோ ஒருவருக்கும் தெரியாது. அவள் உடுத்தியிருக்கும் துணி எங்கள் ஊரில் நெய்ததுதான் என்று மட்டும் அடித்துச் சொல்வோம். ஆதாரம் கேட்டால் எங்களுக்குக் கோபம் வரும்.

அந்தக் கன்னத்துக் கைதான் எல்லா வம்புக்கும் காரணம். எங்கள் வீடுகளில் ஒரு பெண் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தால் போதும், "யாருடி செத்துட்டா இப்ப?" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும், கையைத் தட்டிவிட இன்னொரு கை வரும். அது துக்க வீட்டில் வைக்கிற கை, விளக்கு எரிகிற வீட்டில் வைத்தால் ஆகாது. ஆகவே அந்தப் படத்தைப் பார்த்த முதல் நாளிலேயே எங்கள் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: இவளுக்கு ஏதோ பெரிய துக்கம். புருஷன் கப்பலோடு போய்விட்டான் என்றார்கள் சிலர், பிள்ளை தங்கவில்லை என்றார்கள் சிலர். பாவம், சின்ன வயசு, என்று உச்சுக்கொட்டினோம். அவள் சும்மா யோசித்துக்கொண்டிருக்கலாம் என்று மட்டும் இருநூறு வருஷத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படத்தை எடுத்துவிடலாமென்றால் சட்டத்தைச் சுவரோடு சேர்த்துப் பதித்திருந்தார்கள்; அவளைக் கழற்றினால் சுவரும் கூடவே வந்துவிடும் என்று கொத்தனார் கையை விரித்துவிட்டார். அதனால்தான் மூடினோம்.

நீலாயதாட்சியின் கல்யாணத்துக்கும் மூடித்தான் இருந்தோம். நீலா, கோமளத்துக்கு ஒரே பெண். கோமளம் ஊரில் பாதி வீடுகளுக்கு இடியாப்பம் பிழிந்து கொடுப்பவள். நீலா பால்குடி மறப்பதற்குள் புருஷனைப் பறிகொடுத்து, அடுப்பையும் மாவையும் நம்பி அந்தப் பெண்ணை வளர்த்து ஆளாக்கியவள். மாப்பிள்ளை தியாகேசன் திருவாரூர்ப் பக்கத்துப் பையன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. இடத்தைப் பார்த்து முடித்தவர் கோமளத்தின் அண்ணன் வைத்தி, ஊரில் எந்தக் காரியமானாலும் முதலில் சத்தம் போடுகிறவர். அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்தார்கள், கேசரி நன்றாயிருக்கிறது என்றார்கள், தட்டு மாற்றினார்கள். "உனக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்று நீலாவிடம் கேட்டதாகத்தான் எல்லோருக்கும் ஞாபகம். கேட்டது யார் என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம்.

முகூர்த்தம் நெருங்குகிற நேரம். ஓமப் புகையில் ஐயர் இருமுகிறார் என்று வைத்தி மாமா எங்கிருந்தோ ஒரு பெரிய ஃபேனை உருட்டிக்கொண்டு வந்து முழு வேகத்தில் திருப்பிவிட, அது ஐயரின் மேல் காற்றடித்ததை விடப் பேனரின் மேல்தான் அதிகம் அடித்தது. ஒரு முனைக் கயிறு அறுந்தது, மறு முனை அவிழ்ந்தது, நீலாவும் தியாகேசனும் சிரித்துக்கொண்டிருந்த பேனர் சுருண்டு தரையில் விழுந்தது. அதே சமயம் கூறைப்புடவை கட்டி, கழுத்தில் மாலையோடு, பெண்கள் நடுவில் நடந்து வந்துகொண்டிருந்த நீலா நின்றாள். படத்திலிருந்த துரைசாணி மெதுவாக முகத்தைத் திருப்பி நீலாவைப் பார்த்தாள். நீ இறங்குகிற இடம் வந்துவிட்டதா, நான் உட்காரட்டுமா என்று கூட்டமான பஸ்ஸில் இரண்டு பெண்கள் பார்த்துக்கொள்வார்களே, அந்தப் பார்வைதான். துரைசாணி புத்தகத்தை மேசை மேல் வைத்தாள், எழுந்தாள், மரத்துப்போன கையை இரண்டு தடவை உதறினாள், சட்டத்தின் விளிம்பில் காலை ஊன்றி, கீழே அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் மேல் இறங்கி, கூடத்துக்குள் வந்துவிட்டாள். நீலா மாலையைக் கழற்றிப் பக்கத்திலிருந்தவள் கையில் கொடுத்தாள், கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதே நாற்காலிகள் மேல் ஏறினாள், படத்துக்குள் போய் உட்கார்ந்தாள், முழங்கையை ஊன்றினாள், கன்னத்தில் கை வைத்தாள்.

அவள் படத்துக்குள் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். கூறைப்புடவையோடு கன்னத்தில் கை வைத்ததைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை. "அடியே, கையை எடுடி!" என்று ஒரே நேரத்தில் நூறு பேர் கத்தினோம்.

"பொண்ணை அழைச்சுண்டு வாங்கோ, நேரம் போயிண்டிருக்கு" என்றார் ஐயர்.

"நீலா, எறங்கு கீழ! மாமன் சொல்றேன்ல?" என்று வைத்தி மாமா சட்டத்தின் கீழே நின்று குதித்தார்.

நீலா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கோபமாகவும் இல்லை, அழவும் இல்லை. அவள் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்து நாங்கள் பார்த்ததே கிடையாது. நாயனக்காரர் தாலி கட்டுகிற நேரம் வந்துவிட்டதென்று நினைத்து இரண்டு தடவை கெட்டிமேளம் வாசித்தார், பிறகு வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார். கோமளம் மட்டும் அசையவில்லை. "என்னடி இது, ஊரே பாக்குது" என்று ஒரு தடவை மெல்லச் சொன்னாள், அவ்வளவுதான்.

தியாகேசனின் அம்மா பையன் கையைப் பிடித்து இழுத்தாள். "எந்திரிடா, போலாம். இந்த அவமானம் நமக்குத் தேவையா?"

"இரும்மா. அவங்க யோசிக்கறாங்க போலிருக்கு" என்றான் தியாகேசன். அந்தக் கூடத்தில் அந்த வார்த்தையை முதலில் சொன்னவன் அவன்தான். "நாம பொண்ணு பாக்க வந்து எவ்ளோ நேரம் இருந்தோம்? கேசரி தின்னுட்டுப் போயிட்டோம்."

"கல்யாணம் கட்டிக்க யோசிக்க என்னடா இருக்கு? நான் யோசிச்சா உங்கப்பாவைக் கட்டிக்கிட்டேன்?" என்று அந்த அம்மாள் சொன்னாள், சொன்ன பிறகு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போலப் பையன் கையை விட்டுவிட்டாள்.

சமைத்த சாப்பாடு வீணாகக் கூடாது என்பதில் எங்கள் ஊருக்கு இரண்டாவது கருத்து இருந்ததில்லை. பந்தி போட்டோம். துரைசாணியின் தோளில் ஒரு துண்டைப் போர்த்தி அவளையும் இலையில் உட்கார வைத்தோம். ரசம் முழங்கை வரைக்கும் ஓடியது, அப்பளத்தை எப்படிப் பிடிப்பதென்று தெரியவில்லை, ஆனால் பாயசத்துக்கு மட்டும் இரண்டு தடவை இலையைக் காட்டினாள். எல்லோரும் கை கழுவிவிட்டுப் போன பிறகு அந்தப் பெண் எங்கே போவாள் என்ற கேள்வி வந்தது. "வயசுப் பொண்ணை மண்டபத்துலயா விட்டுட்டுப் போறது?" என்றாள் கோமளம், கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே நீலாவின் ரவிக்கையைப் போட்டு, நீலாவின் புடவையைக் கட்டிவிட்டு, சுருட்டைக் கூந்தலில் கை நிறைய எண்ணெய் வைத்து வழித்து வாரிப் பின்னி, பொட்டு வைத்து, ஒரு வாரத்துக்குள் துரைசாணியை எங்கள் தெருப் பெண்ணாக்கிவிட்டாள் கோமளம். துரைசாணி கோலம் போடக் கற்றுக்கொண்டாள், கோணலாகத்தான் வந்தது. குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுச் சண்டை போடக் கற்றுக்கொண்டாள், அது நேராகவே வந்தது. அவளுக்கு முதலில் வாயில் நுழைந்த தமிழ் "இதோ வந்துட்டேன்" என்பது. இந்த ஊரில் பெண்கள் அதிகம் சொல்கிற வாக்கியம் அதுதானே. விடியும் முன்பே எழுந்து மாவு பிசைந்து, இடியாப்பக் குழலை அழுத்தி, தட்டுகளை அடுக்கி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, திரும்பி வந்து பாத்திரம் தேய்த்து, அரிசி ஊறவைத்து, அதற்குள் சாயங்காலமாகிவிடும். முதலில் அவளுக்கு அது பெரிய விடுதலையாகத்தான் இருந்தது. அவ்வளவு காலம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தவள், கைகால் அசைவதையே ஒரு திருவிழாவாக அனுபவித்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்தாள். இடியாப்பம் வேகிற ஆவியைப் பார்த்துக்கொண்டே நிற்கும்போது அவள் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். "வீட்டுக்கு ஆகாதுடி" என்று கோமளம் தட்டிவிடுவாள். வேறு எங்கேதான் வைப்பது என்று புரியாமல் துரைசாணி தன் கையையே பார்ப்பாள்.

மண்டபத்தில் கல்யாணங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. கார் நிறுத்த இடமுள்ள மண்டபம் ஊரில் வேறு கிடையாது. நீலா உட்கார்ந்த பிறகு வந்த முதல் கல்யாணத்துக்கு வழக்கம் போல ஒருவன் பேனரைத் தூக்கிக்கொண்டு போனான், போனவன் அப்படியே திரும்பி வந்துவிட்டான். "நம்ம கோமளக்கா பொண்ணு மூஞ்சில எப்படிங்க பேனர் கட்டறது?" என்றான். நியாயம்தான் என்று விட்டுவிட்டோம். தாலி கட்டும்போது வீசுகிற அட்சதையில் ஒரு பங்கை அவள் பக்கமும் வீசினோம். அரிசி சட்டத்தைத் தாண்டி உள்ளே போய் அவள் தலையில் ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் அவள் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த கல்யாணங்களில் ஒன்றுக்கும் ஒரு குறையும் வரவில்லை. இதை நாங்கள் கவனித்தோம், ஆனால் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. இத்தனை காலமும் மூடிய ஜமுக்காளங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்குமே.

மத்தியான வேளைகளில் பெண்கள் நீலாவுக்குப் புத்தி சொல்லப் போனோம். முதல் நாள் உண்மையாகவே புத்திதான் சொன்னோம்: குடும்ப மானம், அம்மாவின் வயிற்றெரிச்சல், இந்த மாதிரி மாப்பிள்ளை இன்னொன்று கிடைக்காது, எல்லாம் சொன்னோம். அடுத்த நாள் பாதியில் நிறுத்தினோம். அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, படத்துக்கு எதிரே, கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க ஆரம்பித்தோம். அங்கே குழம்பு தீயவில்லை, யாரும் தண்ணீர் கேட்கவில்லை. படத்திலிருந்து வந்த காலை வெளிச்சம் மத்தியானத்திலும் முழங்கால் வரை விழுந்தது. வீட்டுக்குப் போனால், "எங்கடி போயிருந்த இவ்ளோ நேரம்?" என்பார்கள். "நீலாவுக்குப் புத்தி சொல்லிட்டு வரேன்" என்போம். ஊரில் அவ்வளவு பெண்களும் அவ்வளவு நாளும் ஒரு பெண்ணுக்குப் புத்தி சொல்லியும் அவளுக்கு ஏன் புத்தி வரவில்லை என்று எந்த ஆணும் சந்தேகப்பட்டதாகத் தெரியவில்லை.

கோமளம் மட்டும் உட்கார மாட்டாள். தினமும் தூக்குவாளியில் சாதத்தைக் கொண்டுவந்து சட்டத்தின் விளிம்பில் வைப்பாள், "தின்னுடி, உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று திட்டுவாள், அரிசி ஊறுகிறது என்று ஓடிவிடுவாள். நீலா சாதத்தைத் தொட்டதில்லை. அங்கே உள்ளே பசி இல்லை போலும். ஆனால் ஒரு நாள் வாளியை எடுக்கக் குனிந்தபோது கோமளம் அதைப் பார்த்துவிட்டாள்: நீலாவின் மணிக்கட்டில், பழைய படங்களின் மேல் விழுமே, அந்த மாதிரி மெல்லிய விரிசல். புடவையின் ஜரிகையில் மினுமினுப்பு போய் வெறும் மஞ்சள் வர்ணம் தெரிந்தது. மாலை இருந்த கழுத்து வழவழவென்று, ஒரு மயிர்க்கால்கூட இல்லாமல் இருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் போனா அவ படமாவே ஆயிடுவா" என்றார் வைத்தி மாமா, அன்றைக்கு மட்டும் சத்தமில்லாமல். மறுநாள் கோமளம் பிழிந்த இடியாப்பத்தில் உப்பே இல்லை, ஊரே அதைப் பேசாமல் சாப்பிட்டது.

தியாகேசன் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தான். வருவான், நாற்காலியைப் போட்டு உட்காருவான், கம்பெனியில் புது மெஷின் வந்தது, ரூமில் தண்ணீர் வரவில்லை என்று ஏதாவது சொல்வான். பிறகு பேச்சு தீர்ந்து அவனும் எங்களோடு சும்மா இருப்பான். விரிசலை அவனும் பார்த்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போய், "ஒண்ணே ஒண்ணு கேக்கறேங்க. நீங்க என்னைப் பத்தியா யோசிக்கிறீங்க?" என்றான்.

அவள் உட்கார்ந்ததிலிருந்து முதல் தடவையாக அசைந்தாள். கன்னத்திலிருந்து கையை எடுக்காமலே, இல்லை என்று கொஞ்சம் தலையாட்டினாள்.

தியாகேசன் நேரே கோமளத்தின் வீட்டுக்குப் போனான். "என்னைப் பத்தி இல்லியாம் அத்தை" என்றான். அவன் முகத்தில் வருத்தமும் இருந்தது, ஒரு பாரம் இறங்கின தெளிவும் இருந்தது. "வேற என்னவோ. நீங்கதான் போய்க் கேக்கணும்."

மறுநாள் கோமளம் மாவைப் பாதியில் துரைசாணியிடம் விட்டுவிட்டு மண்டபத்துக்கு வந்தாள். கையில் வாளி இல்லை. நாங்கள் ஒரு நாற்காலியைக் காலி செய்து கொடுத்தோம். படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து மகளைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் நீலாவை அப்படிப் பார்த்ததே இல்லை. தலை வாரும்போது தலையைப் பார்த்திருக்கிறாள், ஜுரத்தில் நாக்கைப் பார்த்திருக்கிறாள், முழு ஆளாக, நிதானமாக, இது யார் என்று பார்க்க நேரமே இருந்ததில்லை. என்னதான் யோசிக்கிறாள் இவள்? அப்பாவையா? வேறு எவனையாவதா? அந்த யோசனையில் போனவள், நடுவில் எங்கேயோ வழி திரும்பித் தன்னையே போய்ச் சந்தித்துவிட்டாள். பிறந்த வீட்டில் எட்டுப் பேருக்கு வடித்துக் கொட்டியது, பந்தலிலிருந்து நேரே இன்னோர் அடுப்படிக்குப் போனது, புருஷன் செத்த பதினாறாம் நாள் இடியாப்பக் குழலைக் கையில் எடுத்தது. இதையெல்லாம் அவள் செய்திருக்கிறாளே தவிர ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொன்றாக வந்தது. அவள் முதுகு தளர்ந்தது, முழங்கை நாற்காலிப் பிடியில் இறங்கியது, கை எழுந்து கன்னத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஊருக்கெல்லாம் கையைத் தட்டிவிடுகிற கோமளம்!

"அம்மா!"

படத்துக்குள்ளிருந்துதான் குரல். நீலா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள், சட்டத்தைத் தாண்டிக் குதித்தாள், குதித்த வேகத்தில் மணிக்கட்டின் விரிசல்கள் பொடிப்பொடியாகத் தரையில் உதிர்ந்தன. ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "கன்னத்துல கை வைக்காதம்மா! என்னம்மா ஆச்சு உனக்கு? வீட்டுக்கு ஆகாதும்மா!"

கோமளம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கொஞ்சம் இருடி. யோசிச்சிட்டிருக்கேன்" என்றாள்.

நீலா அப்படியே அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சேதி எட்டி வைத்தி மாமா மூச்சிரைக்க ஓடி வந்து, "எறங்கிட்டாளா? ஐயருக்குச் சொல்லவா?" என்று ஆரம்பித்தவரை நாலு பெண்கள் சேர்ந்து வாயைப் பொத்தி வாசலில் நிறுத்தினோம். வெகுநேரம் கழித்து கோமளம் கையை எடுத்தாள். குனிந்து மகளின் தலையில் ஒட்டியிருந்த அட்சதையைத் தட்டிவிட்டாள்.

"நீ என்னத்தடி இவ்ளோ நாளா யோசிச்ச?"

நீலா அம்மாவின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். "நான் திருப்பூர் போயிட்டா நீ எப்படி இருப்பேன்னு. ஒருத்திக்குன்னு எப்படிம்மா உலை வைப்பே? யாரைத் திட்டுவே? அதைத் தாண்டி யோசனை ஓடவே மாட்டேங்குதும்மா. திரும்பத் திரும்ப அங்கயே வந்து நிக்குது."

கோமளத்தின் கண்ணில் தண்ணீர் பெருகியது. ஆனால் அவள் சிரித்தாள். "பைத்தியம். நானும் இப்ப அதைத்தான் யோசிச்சேன். பொறந்ததுலேருந்து நான் ஒரு நாள்கூடத் தனியா இருந்ததில்லடி. ஒரே ஒரு நாள். பசிச்சா சாப்பிட்டு, பசிக்கலன்னா படுத்துக்கிட்டு, யாருக்கும் இதோ வந்துட்டேன்னு சொல்லாம. எப்படித்தான் இருக்கும்னு பாக்கணும்போல இருக்கு. தப்பாடி?"

நீலாவின் முகம் ஒரு கணம் வாடியது. வாடத்தானே செய்யும். "என்னை வெரட்டறியா?"

"வெரட்டல. நீ போனாலும் எனக்கு அது வேணும், போகாட்டாலும் வேணும். எனக்காக நீ போவவும் வேணாம், இருக்கவும் வேணாம். உனக்கு என்ன வேணும்னு யோசி."

"அதை நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா" என்றாள் நீலா. அம்மாவும் பெண்ணும் கட்டிக்கொண்டு சிரித்தார்கள், நாங்கள் மூக்கைச் சிந்தினோம்.

உட்கார்ந்து யோசிக்கலாமென்று நீலா திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலியாக இல்லை. கோமளத்தைத் தேடிக்கொண்டு வந்த துரைசாணி, வந்த வேகத்தில் ஏறிப் போய் அமர்ந்துவிட்டாள். ஒரு தமிழ் வீட்டில் குப்பை கொட்டியது போதும் என்று அவளுக்கு ஆகியிருக்க வேண்டும். கையைக் கூடக் கழுவவில்லை. நீலாவின் ரவிக்கையும் புடவையும், எண்ணெய் வைத்த பின்னலும் அப்படியே இருக்க, புத்தகத்தில் பழைய இடத்தில் விரலை வைத்து, பெருமூச்சு விட்டுக் கன்னத்தைக் கையில் சாய்த்துக்கொண்டாள். அரிசி மாவின் நாலு விரல் தடம் அவள் கன்னத்தில் இப்போதும் இருக்கிறது, வந்தால் பார்க்கலாம்.

ஆகவே நீலா எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில், எல்லோர் கண்ணெதிரே, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தாள். வைத்தி மாமாவின் கை பழக்கத்தில் தட்டிவிட எழுந்தது. "அண்ணே, விடு. அவ யோசிக்கிறா" என்று கோமளம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் நீலா எழுந்துவிட்டாள். தனக்கென்று யோசிப்பதற்கு அவ்வளவு நேரம் போதுமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்த தியாகேசனிடம் அவளே பேசினாள். "உங்க திருப்பூரை ஒரு தடவை பாக்கணும். பாத்துட்டுத்தான் சொல்வேன்."

"வாங்க, பாருங்க" என்றான் அவன். "தண்ணிதான் கொஞ்சம் சரியா வராது, இப்பவே சொல்லிடறேன்."

போய்ப் பார்த்துவிட்டு வந்து, சரி என்று சொன்னாள். தையில் அதே மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. பேனரை வாசலில் கட்டினோம். தாலி ஏறுகிற நேரம் மாவு பூசிய கன்னத்தோடு துரைசாணி தன் பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருந்தாள்.

மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் திருப்பூர் பஸ் ஏறிய மறுநாள், பாவம் கோமளம் ஒண்டியாக இருப்பாளே என்று நாங்கள் ஒரு கூட்டமாகச் சாம்பார் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், வடகம் எல்லாம் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனோம். அன்று அவள் யாருக்கும் இடியாப்பம் அனுப்பியிருக்கவில்லை. கதவைத் தட்டினோம். பாதி திறந்தாள். தலைகூட வாரவில்லை.

"தனியா இருப்பியேன்னுதான் வந்தோம்" என்றோம்.

"இன்னிக்கு ஒரு நாள் இருந்துக்கறேங்க" என்றாள் கோமளம். "நாளைக்கு வாங்க. எல்லாரும் வாங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். பார்க்காமல் இருக்க முடியுமா? அவள் வெறுந்தரையில் காலை நீட்டி, சுவரில் சாய்ந்து, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. உதடு மட்டும் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தது. பெண்ணை அனுப்பிய துக்கமும், தனக்கென்று ஒரு நாள் கிடைத்த சந்தோஷமும், இரண்டும் அவளிடம் சண்டையில்லாமல் இருந்தன. எங்களுக்கு வீட்டுக்குத் திரும்பவும் மனம் வரவில்லை, மறுபடி தட்டவும் மனம் வரவில்லை. கொண்டுபோன சாதத்தை அவள் வாசல்படியில் உட்கார்ந்து நாங்களே பிசைந்து சாப்பிட்டோம், பாத்திரம் சத்தம் போடாமல், ஒருவரோடு ஒருவர் பேசாமல்.